கத்தரி + சுண்டை செல் இணைவு: பத்து நாளுக்குள் எல்லாம் செத்துவிடுகிறது, எங்கே தப்பு?

கண்டனூர்_கவின் கேட்டது:

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் முதுகலை உயிரித் தொழில்நுட்ப புராஜெக்ட். கத்தரியையும் சுண்டையையும் புரோட்டோபிளாஸ்ட் (சுவர் நீக்கிய செல்) இணைவு வழியாகச் சேர்த்து, வாடல் நோயைத் தாங்குகிற கலப்புச் செடி எடுக்க வேண்டும் என்பது தலைப்பு.

இப்போது செய்கிற முறை இது. வேலியோரச் சுண்டைச் செடியிலிருந்து முற்றாத இலை, தோட்டத்துக் கத்தரி இலை. 70 சதவீத எத்தனால், பிறகு மெர்குரிக் குளோரைடு 0.1 சதவீதம் 5 நிமிடம். இலையை மெல்லிசாக நறுக்கி, செல் சுவரைக் கரைக்கிற நொதிகளான செல்லுலேஸ் 2 சதவீதம், மேசரோசைம் 0.5 சதவீதம், மானிடால் 0.4 மோலார் கலந்த கரைசலில் 16 மணி நேரம். வடிகட்டி 1000 ஆர்.பி.எம்.மில் 10 நிமிடம் சுற்றுகிறேன். கத்தரியில் ஓரளவு கிடைக்கிறது. சுண்டையில் கரைசலே டீத்தண்ணி நிறமாகிவிடுகிறது, அடியில் படிவது பெரும்பாலும் உடைந்த குப்பை. இரண்டையும் கலந்து 50 சதவீத பி.இ.ஜி.யில் (பாலிஎத்திலீன் கிளைக்கால், செல்களை ஒட்டவைப்பது) 30 நிமிடம் வைத்தால் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்கிறது. ஊடகத்துக்கு மாற்றினால் ஒரு பிரிதல்கூட இல்லை, பத்தாம் நாள் எல்லாம் பழுப்பு.

இணைவில் தப்பா, ஊடகத்தில் தப்பா? இன்னொன்று, கலப்புச் செடி வந்துவிட்டால் அது நம் செம்மண்ணில் வாடலைத் தாங்குமா? விவரம் தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

பள்ளத்தூர்_ஆச்சி:

தம்பி, தப்பு பி.இ.ஜி.க்கு முன்னாடியே நடந்துவிட்டது. வேலியோர இலையை விட்டுவிடுங்கள். சுண்டை இலையில் நட்சத்திர வடிவ முடி அடர்த்தி, அதற்குள் காற்று சிக்கிக்கொள்ளும், நொதி உள்ளே போகாது. முடி இடுக்கில் இருக்கிற பூஞ்சை வித்து மெர்குரிக் குளோரைடுக்கும் தப்பும். அந்த மெர்குரியின் மிச்சம் செல்லையும் கொல்லும். வெயிலில் வளர்ந்த இலையில் பீனால் பொருள் ஏராளம், செல் உடைந்ததும் அது காற்றுப் பட்டுப் பழுத்துவிடும். உங்கள் டீத்தண்ணி நிறம் அதுதான்.

இரண்டு செடியையும் விதையிலிருந்து குடுவைக்குள் வளருங்கள். எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊடகம், சர்க்கரை 2 சதவீதம், 25 டிகிரி, 16 மணி நேரம் மங்கலான வெளிச்சம். மூன்று நான்கு வாரத் தளிரில் மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலை. குடுவை இலையில் முடியும் குறைவு, மெழுகும் குறைவு. எடுப்பதற்கு முன் ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள், குடுவையை இருட்டில் வையுங்கள். இலைக்குள் மாவுச்சத்து குறையும். மாவுமணி நிறைந்த செல் சுற்றும்போது அந்தப் பளுவிலேயே கிழிந்து போகும்.

நொதிக் கரைசல் 10 மில்லிக்குச் சொல்கிறேன். செல்லுலேஸ் ஓனோசுகா ஆர்-10 100 மி.கி., மேசரோசைம் ஆர்-10 30 மி.கி., மானிடால் 0.91 கிராம், பி.எச். மாறாமல் காக்கிற எம்.இ.எஸ். 10 மி.கி., பி.எச். 5.7. இதை 55 டிகிரி தண்ணீரில் 10 நிமிடம் வைத்து ஆறவிடுங்கள். நொதிப் பொடியோடு கூடவே வருகிற புரதம் தின்னும் நொதிகள் அதில் அடங்கும், செல்லுலேஸுக்குச் சேதமில்லை. ஆறிய பிறகு கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 15 மி.கி. சேருங்கள். சுண்டைக்கு மட்டும் பி.வி.பி.-40 100 மி.கி., அஸ்கார்பிக் அமிலம் அரை மி.கி. கூடப் போட்டால் பழுப்பு நன்றாகக் குறையும். பி.எச்.ஸை மறுபடி சரிபார்த்து, முதலில் 0.45 மைக்ரான், பிறகு 0.22 மைக்ரான் வடிகட்டி. நேரே 0.22இல் தள்ளினால் அடைத்துக்கொள்ளும். ஆட்டோகிளேவில் வைத்துவிடாதீர்கள், நொதி செத்துவிடும்.

10 மில்லிக்கு ஒரு கிராம் இலை. புது பிளேடால் ஒரு மில்லிமீட்டர் கீற்று, ஒவ்வொரு பத்து வெட்டுக்கும் பிளேடை மாற்றுங்கள். மழுங்கிய பிளேடு நசுக்கும், நசுங்கிய இடத்தில்தான் பீனால் கசியும். கீற்றை முதலில் நொதி இல்லாத 0.5 மோலார் மானிடாலில் ஒரு மணி நேரம் போடுங்கள். செல் சுருங்கிச் சுவரை விட்டு விலகி நிற்கும், பிறகு சுவர் கரையும்போது சவ்வு கிழியாது. அதன் பின் நொதியில், 27 டிகிரி, இருட்டு, 14 மணி நேரம், அசைக்காமல். கடைசி 15 நிமிடம் மட்டும் நிமிடத்துக்கு 30 சுற்று ஷேக்கரில். உங்கள் 2 சதவீத நொதியும் 16 மணி நேரமும் சுண்டைக்கு அதிகம், 0.4 மோலார் மானிடால் குறைவு. இரண்டும் சேர்ந்தால் வெடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது சுற்றுவது. 1000 ஆர்.பி.எம். என்று எழுதினால் ஒன்றும் புரியாது, ரோட்டார் ஆரம் வேண்டும். ஆரம் 15 செ.மீ. என்றால் 1000 சுற்றில் ஏறக்குறைய 168 ஜி (புவியீர்ப்பைப் போல 168 மடங்கு விசை) வரும். நமக்குத் தேவை 100 ஜி, அதற்கு 770 சுற்று போதும், 5 நிமிடம். பிரேக்கை அணைத்துவிடுங்கள், திடீர் நிறுத்தத்தில் படிவு கலைந்து உடையும். பிபெட் முனையை வெட்டி வாயை அகலமாக்கிக்கொள்ளுங்கள்.

70 மைக்ரான் நைலான் வலையில் வடித்துச் சுற்றிய படிவை 21 சதவீத சுக்ரோஸில் கலந்து, மேலே ஒரு மில்லி டபிள்யூ-5 என்ற உப்புக் கழுவல் கரைசலை மெல்ல ஒழுகவிட்டு, 100 ஜியில் 10 நிமிடம். உயிருள்ள செல் மேலே வந்து இரண்டு கரைசலும் சந்திக்கிற இடத்தில் பச்சை வளையமாக நிற்கும். குப்பை அடியில். வளையத்தை மட்டும் எடுத்து டபிள்யூ-5இல் இரண்டு தடவை கழுவுங்கள். டபிள்யூ-5க்கு, லிட்டருக்குச் சோடியம் குளோரைடு 9 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 18.4, பொட்டாசியம் குளோரைடு 0.37, குளுக்கோஸ் 0.9, பி.எச். 5.8. எல்லாம் இருமுறை காய்ச்சி வடித்த தண்ணீரில். போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டு எடுத்தது போதாது.

கண்டனூர்_கவின்:

ஆச்சி, ரொம்ப நன்றி. ரோட்டார் ஆரம் அளந்தேன், 16 செ.மீ. சுக்ரோஸ் வளையம் கத்தரியில் தெரிகிறது, சுண்டையில் மங்கலாகத்தான் இருக்கிறது. எத்தனை செல் கிடைத்தது, எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எந்தக் கட்டத்தில் பார்ப்பது?

பள்ளத்தூர்_ஆச்சி:

டபிள்யூ-5 கழுவல் முடிந்து பனிக்கட்டி மேல் அரை மணி நேரம் வைத்த பிறகு. ஹீமோசைட்டோமீட்டரின் (செல் எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடி) நான்கு மூலைப் பெரிய கட்டத்திலும் எண்ணுங்கள். நான்கிலும் சேர்த்து 240 என்றால் சராசரி 60, அதாவது மில்லிக்கு 6 லட்சம். மொத்தம் 5 மில்லி இருந்தால் 30 லட்சம். இணைவுக்கு மில்லிக்கு 10 லட்சம் வேண்டும், ஆகவே மறுபடி சுற்றி 3 மில்லியாக்குங்கள்.

உயிர் இருக்கிறதா என்று பார்க்க எஃப்.டி.ஏ. (ஃபுளோரசீன் டைஅசிட்டேட்) சாயம். அசிட்டோனில் மில்லிக்கு 5 மி.கி. கரைத்து, நூறில் இரண்டு பங்கு மாதிரியில் விட்டு 5 நிமிடம். நீல ஒளியில் பச்சையாக ஒளிர்வது உயிருள்ளது, சிவப்பு மட்டும் தெரிவது செத்த செல்லின் பச்சையம். 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அன்றைக்கு இணைவு வைக்காதீர்கள். அந்தத் தொகுதியைக் கொட்டிவிட்டு இலையிலிருந்து ஆரம்பியுங்கள்.

கால்கோஃப்ளோர் சாயம் இருந்தால் இன்னும் ஒன்று பார்த்துவிடலாம். 0.01 சதவீதம் போட்டு புற ஊதாவில் பார்த்தால் செல் ஓரத்தில் நீல வளையம் தெரிந்தால் சுவர் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். சுவர் மிச்சம் இருந்தால் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டும், ஒன்றாகாது. நீங்கள் சொல்கிற கொத்து அதுவாகவும் இருக்கலாம். வட்டமாக இல்லாமல் முட்டை வடிவமாக நிற்கிற செல் இருந்தாலும் அதே சந்தேகம்தான்.

குடுவை_வித்து:

ஆச்சி இலைப் பக்கம் முழுக்கச் சொல்லிவிட்டார். இணைவுக்கு வருகிறேன். 50 சதவீதமும் 30 நிமிடமும் கூடுதல், அது செல்லிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுத்துவிடும்.

10 மில்லிக்கு பி.இ.ஜி. 4000 4 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 74 மி.கி., குளுக்கோஸ் 0.54 கிராம். பி.எச். 5.8க்குக் கொண்டுவந்து வடிகட்டுங்கள், அன்றன்றைக்கே. பழைய பி.இ.ஜி. பாட்டிலில் பெராக்சைடும் ஆல்டிஹைடும் சேரும், பி.எச். இறங்கும், செல் கருகும். புது பாட்டில் வாங்கினால் தேதி எழுதி இருட்டில் வையுங்கள்.

60 மி.மீ. தட்டின் நடுவில் இரண்டும் சரிபாதி கலந்த 150 மைக்ரோலிட்டர் துளி. 10 நிமிடம் அசையாமல் விடுங்கள், செல்கள் தரையில் ஒரே அடுக்காகப் படியட்டும். பிறகு பி.இ.ஜி.யை 50 மைக்ரோலிட்டராக மூன்று துளி, துளியின் ஓரத்தில், மூன்று பக்கமும். நடுவில் மேலிருந்து விட்டால் அங்கே இருக்கிறது எல்லாம் நசுங்கும். 15 நிமிடம். இன்வெர்ட்டட் நுண்ணோக்கியில் பார்த்தால் செல்கள் சுருங்கி, தொட்டுக்கொண்ட இடத்தில் கோடு தட்டையாகி நிற்கும். இது ஒட்டல். இணைவு இதற்குப் பிறகு, பி.இ.ஜி.யைக் கழுவும்போதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதனால் கழுவல் கரைசலில்தான் உயிர் இருக்கிறது. 100 மில்லிக்கு கிளைசின் 0.375 கிராம், கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 0.735, குளுக்கோஸ் 5.4, சோடியம் ஹைட்ராக்சைடால் பி.எச். 10.5. மூடாமல் வைத்தால் காற்றின் கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும், பி.எச். சரியும், வெள்ளையாகக் கால்சியம் கார்பனேட் படியும். கலங்கலாகத் தெரிந்தால் வேண்டாம். 300 மைக்ரோலிட்டர் ஓரமாகச் சேர்த்து 10 நிமிடம், பிறகு உறிஞ்சிவிட்டு டபிள்யூ-5ஆல் இரண்டு தடவை. தட்டைச் சுழற்றாதீர்கள்.

இவ்வளவு சரியாகச் செய்தும் கத்தரியும் சுண்டையும் ஒன்றோடொன்று சேர்ந்த செல் நூற்றுக்குச் சிலதுதான் வரும். கத்தரியோடு கத்தரி, சுண்டையோடு சுண்டை, மூன்று நான்கு சேர்ந்த குண்டு, இணையாதவை எல்லாம் சேர்ந்தே இருக்கும். இங்கேதான் தேர்வு முறை வேண்டும். அயோடோஅசிட்டமைடு மலிவு. இணைவுக்கு முன் கத்தரி செல்லை 3 மில்லிமோலாரில் 15 நிமிடம் வைத்து மூன்று தடவை கழுவினால் அதன் ஆற்றல் வழி அடைபட்டுப் போகும். தனியாகப் பிரிய முடியாது. சுண்டையோடு இணைந்தால் சுண்டையின் நொதி கைகொடுத்து உயிர் பிழைக்கும். அளவை முன்கூட்டியே சோதியுங்கள்: 1, 2, 3, 4, 5 மில்லிமோலார். தனிக் கத்தரித் தட்டில் பதினைந்து நாளில் ஒரு குழுவும் வராத மிகக் குறைந்த அளவைத்தான் எடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் இணைந்ததும் சாகும். கையுறை கட்டாயம், அது விஷம்.

மின் இணைவுக் கருவி இருந்தால் பி.இ.ஜி.யே தேவையில்லை. 1 மெகாஹெர்ட்ஸ் மாறுமின்னோட்டத்தில் செ.மீ.க்கு 200 வோல்ட் அளவில் 15 விநாடி, செல்கள் முத்துமாலை கோத்தாற்போல வரிசையாகும். பிறகு செ.மீ.க்கு 1.2 கிலோவோல்ட் நேர்மின் துடிப்பு 45 மைக்ரோவிநாடி, இரண்டு தடவை. உப்பு கலந்த கரைசலில் வைத்தால் மின்சாரம் கரைசல் வழியே ஓடிச் சூடாகிவிடும். மானிடாலில் கால்சியம் மிகக் கொஞ்சம் சேர்த்துப் பயன்படுத்துங்கள்.

ஊடகம்: கே.எம். 8 பி, குளுக்கோஸ் 0.35 மோலார், ஹார்மோன்கள் லிட்டருக்கு 2,4-டி 0.2 மி.கி., ஜியாட்டின் 0.5, என்.ஏ.ஏ. 1. செல் அடர்த்தி மில்லிக்கு 50,000 முதல் 1 லட்சம். 10,000க்குக் கீழே போனால் செல்கள் பிரியவே பிரியாது, ஒன்றுக்கொன்று விடுகிற பொருளின் துணை அதற்கு வேண்டும். முதல் 7 நாள் 27 டிகிரி, முழு இருட்டு. முதல் பிரிதல் நான்காம் நாள் வாக்கில் தெரியும். ஏழாம் நாளிலிருந்து வாரம் ஒரு தடவை, குளுக்கோஸ் பாதியாகக் குறைத்த புது ஊடகத்தைச் சேர்த்து சவ்வூடு அழுத்தத்தை இறக்குங்கள். இறக்காவிட்டால் ஏழெட்டுச் செல்லில் நின்றுவிடும். ஒட்டிக்கொள்வது தீரவில்லை என்றால் 0.6 சதவீதக் குறை உருகு அகரோஸில் 38 டிகிரியில் கலந்து மணிகளாக விட்டுப் பாருங்கள். சித்திரை, வைகாசியில் கரண்ட் போய் ஏ.சி. நின்றால் அறை 35 டிகிரி தாண்டும், முதல் வாரத்து செல் அதைத் தாங்காது. அந்த மாதங்களில் இன்குபேட்டரை யு.பி.எஸ்.ஸில் போட்டுவிடுங்கள்.

ஒன்றிரண்டு மி.மீ. கேலஸ் (உருவமில்லாத செல் திரள்) ஆனதும் எம்.எஸ். + ஜியாட்டின் 2 மி.கி. + ஐ.ஏ.ஏ. 0.1 மி.கி. முளைவிட்டதும் அரை எம்.எஸ்.ஸில் ஹார்மோன் இல்லாமல் வேர். கேலஸாகவே மாதக்கணக்கில் வைத்துக்கொண்டிருக்காதீர்கள், குரோமோசோம் எண்ணிக்கை தாறுமாறாகும்.

செம்மண்_தோட்டம்:

ஆய்வகத்துக் காரியம் அவர்கள் சொன்னது போதும். நான் மண் பக்கம் பேசுகிறேன். புராஜெக்டில் "வாடல் நோய்" என்று ஒற்றை வார்த்தையாக எழுதிவிட்டுப் போகாதீர்கள். பாக்டீரியா வாடலுக்கும் பூஞ்சை வாடலுக்கும் மருந்தும் வேறு, மரபணுவும் வேறு.

வயலில் பார்த்துத் தெரிந்துகொள்ள எளிய வழி. பகலில் பச்சையாகவே தொங்கிய செடியைப் பிடுங்கி, அடித்தண்டிலிருந்து மூணு விரல் நீளத் துண்டு வெட்டுங்கள். தெளிந்த தண்ணீர் கண்ணாடித் தம்ளரில் வெட்டுமுனை நீரில் மட்டும் படும்படி நிறுத்துங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுமுனையிலிருந்து பால் நூல் போல் வெள்ளை இழை கீழே இறங்கினால் ரால்ஸ்டோனியா என்ற பாக்டீரியா. இழை வராமல், தண்டைப் பிளந்தால் குழாய்த் திசு பழுப்பாக மட்டும் இருந்தால் பியூசேரியம் போன்ற பூஞ்சை. ஈரம் தேங்கிய தாழ்வான பாத்தியில் முந்தியதும், இலை ஒரு பக்கமாக மஞ்சளாகிச் சாய்வதில் பிந்தியதும் அதிகம்.

சுண்டைக்கு ரால்ஸ்டோனியா, வெர்ட்டிசிலியம் பூஞ்சை, வேர்முடிச்சு நூற்புழு மூன்றின் மேலும் எதிர்ப்பு உண்டு என்பது பழைய செய்தி. ரால்ஸ்டோனியாவில் எல்லா இனத்தையும் அது தாங்காது, அதனால் நம் ஊர் மண்ணில் எடுத்த இனத்தை வைத்தே சோதிக்க வேண்டும். ஆனால் அந்த எதிர்ப்பை விவசாயி அனுபவிக்க செல் இணைவு வரை போக வேண்டியதில்லை. சுண்டையை வேர்ச்செடியாக வைத்துக் கத்தரியை ஒட்டுக்கட்டினால் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதைப் பரிந்துரைத்து வருகிறது. சுண்டை விதை சோம்பேறி, முளைக்க இரண்டு மூன்று வாரம் எடுக்கும். ஜிப்ரலிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்தால் சீக்கிரம் வரும். கத்தரியைவிட மூன்று நான்கு வாரம் முன்னாலேயே விதைத்துவிடுங்கள். இரண்டு தண்டும் 2 முதல் 3 மி.மீ. பருமனில் ஒத்திருக்கும்போது சுண்டையை இரண்டு இலைக்கு மேல் வெட்டி, நடுவில் ஒன்றரை செ.மீ. பிளவு. கத்தரித் தளிரை ஆப்பு வடிவமாகச் சீவிச் செருகி கிளிப். ஒரு வாரம் பாலிதீன் மூடாக்கில் 90 சதவீத ஈரப்பதம், நிழல். அடுத்த பத்து நாள் மெல்ல மெல்லத் திறந்து பழக்கல்.

நடும்போது ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேலே நான்கு விரல் நிற்க வேண்டும். மண் அணைக்கும்போது அதை மூடிவிட்டால் கத்தரி தன் சொந்த வேர் விடும், நோய் அந்த வேர் வழியாகவே உள்ளே போகும். அடியில் சுண்டைத் தளிர் வந்தால் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது கத்தரியை ஒடுக்கிவிடும்.

ஆகவே தம்பி, சுண்டையோடு செல் இணைவு செய்வதால் என்ன கூடுதலாகக் கிடைக்கிறது என்று முதலில் எழுதிப் பாருங்கள். கோசுமல்லிக்கு வேண்டிய கத்தரிக்காயையும் வத்தலுக்கு வேண்டிய சுண்டைக்காயையும் ஒரே காயாக்கி யாருக்கும் பயனில்லை.

குடுவை_வித்து:

செம்மண் அண்ணே, ஒட்டு ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு பட்டத்துக்கும் கட்ட வேண்டியது. எதிர்ப்பு மரபணுவே கத்தரிக்குள் வந்துவிட்டால் விதையாகப் போகும், கூலி மிச்சம். அதுதான் இணைவின் நியாயம். ஆனால் சுண்டையைத் தேர்ந்தெடுத்ததில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. கத்தரி + சுண்டை இணைவுச் செடிகள் 1980களின் கடைசியிலேயே எடுக்கப்பட்டுவிட்டன. குடுவையில் நன்றாகவே வளர்ந்தன, ஆனால் மகரந்தம் பெரும்பாலும் மலடு. கத்தரிக்கும் 24 குரோமோசோம், சுண்டைக்கும் 24. சேர்ந்தால் 48. இரண்டு தொகுதியும் உறவில் தூரம் என்பதால் இணையாகச் சேர்ந்து பிரிவதில்லை.

ஆப்பிரிக்கக் கத்தரி, சொலானம் ஈதியோப்பிக்கம், கொஞ்சம் நெருங்கிய சொந்தம். அதோடு இணைத்த செடிகள் காய்த்தன, ரால்ஸ்டோனியாவையும் தாங்கின. 2001இல் வெளியான பிரெஞ்சு வேலை அது. 2002இல் இத்தாலியர்கள் அத்தகைய 48 குரோமோசோம் செடியின் மகரந்தப்பையை வளர்த்து மறுபடி 24 ஆக இறக்கிக் காட்டினார்கள். அப்படி இறக்கினால்தான் நம் கத்தரியோடு சாதாரணமாகக் கலக்க முடியும். 48ஐ 24ஓடு நேரே கலந்தால் 36 வரும், அது விதை தராது. மகரந்தப்பை வளர்ப்பு கைகூடாவிட்டால் கத்தரியை கோல்ச்சிசினால் 48 ஆக்கிக் கலக்கலாம்.

நெருங்கிய சொந்தம் என்பதற்குக் காரணம் இருக்கிறது. 1978இல் ஜெர்மனியில் மெல்கர்ஸ் குழு உருளைக்கிழங்கையும் தக்காளியையும் செல்லால் இணைத்தபோது செடி வந்தது, உருப்படியான கிழங்கும் இல்லை, காயும் இல்லை. இன்றைக்கு நாளிதழில் "பொமேட்டோ" என்று வருகிற கீழே கிழங்கு, மேலே தக்காளிச் செடி ஒட்டுக்கட்டியது. இரண்டையும் புராஜெக்ட் முன்னுரையில் குழப்பிவிடாதீர்கள், வைவாவில் முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

மரபுத்தடம்:

இரண்டு விஷயம் விட்டுப் போயிற்று, சேர்க்கிறேன்.

முதலாவது, வந்த செடி கலப்புதான் என்று நிரூபிப்பது. இலை வடிவம், முள், முடி பார்த்துச் சொல்வது போதாது, கேலஸ் வழி வந்த செடி தனியாகவே மாறி நிற்கும். ஊதாத் தண்டு உள்ள கத்தரி ரகத்தை எடுத்தால் முளையில் ஊதா தெரிவது முதல் சல்லடையாக உதவும், அவ்வளவுதான். கத்தரி செல்லை அயோடோஅசிட்டமைடில் அடக்கினாலும் இணையாத சுண்டை செல் தானாகவே முளைக்கும். அதனால் ஒவ்வொரு முளையையும் சோதிக்க வேண்டும். எஸ்.எஸ்.ஆர். மார்க்கரில் (டி.என்.ஏ.வில் திரும்பத் திரும்ப வரும் குறுந்துண்டு அடையாளம்), இரண்டு பெற்றோருக்கும் வெவ்வேறு நீளம் தருகிற நான்கைந்து இடம் தேர்ந்தெடுங்கள். ஒரே செடியில் இரண்டு பட்டையும் வர வேண்டும். பெற்றோர் இருவரின் டி.என்.ஏ.வையும் குழாயில் கலந்த கலவையைப் பக்கத்துக் குழியில் ஓடவிடுங்கள், ஒப்பிட அதுதான் வசதி.

அடுத்து எண்ணிக்கை. வேர்முனை ஒன்றரை செ.மீ., காலை 9 மணிக்குள் எடுத்து 2 மில்லிமோலார் 8-ஹைட்ராக்சிகுயினோலினில் 4 மணி நேரம். எத்தனால் மூன்று பங்கு, அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு கலவையில் ஒரு இரவு. 60 டிகிரி 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 8 நிமிடம், அசிட்டோகார்மைன், நசுக்கல். 48 வந்தால் எதிர்பார்த்தது. 72 என்றால் மூன்று செல் சேர்ந்திருக்கிறது. 40, 45 என்று வந்தால் குரோமோசோம் உதிர்ந்திருக்கிறது. 24 மட்டும் வந்தால் கலப்பே இல்லை. ஒரு செடிக்குக் குறைந்தது பத்து செல்லாவது எண்ணுங்கள்.

பச்சையத்தைத் தாங்குகிற குளோரோபிளாஸ்டையும் தனியாகப் பார்க்க வேண்டும். இணைந்த செல்லில் இரண்டு பெற்றோரின் குளோரோபிளாஸ்டும் இருக்கும், செல் பிரியப் பிரிய ஏதாவது ஒன்றுதான் தங்கும். மைட்டோகாண்டிரியா அப்படியில்லை, ஒன்றோடொன்று கலந்து புதுச் சேர்க்கையாகிவிடும். 1983இல் பிரான்சில் கடுகுக் குடும்பத்தில் முள்ளங்கியின் ஆண்மலட்டுத் தன்மையை எடுத்து, குளிரில் இலை வெளுக்கிற குறையை விட்டுவிட்டது இந்த வழியில்தான். மலட்டுத்தன்மை மைட்டோகாண்டிரியாவில், வெளுப்பு குளோரோபிளாஸ்டில் இருந்தது. செல் இணைவால் நடைமுறைக்கு வந்த பெரிய பலன்களில் அது ஒன்று. உங்கள் வேலையிலும் இரண்டையும் தனித்தனிப் பட்டையாகக் காட்டினால் அறிக்கை கனமாகும்.

இரண்டாவது, சட்டம். செல் இணைவு மரபணு மாற்றம் இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989இல் வந்த விதிகளில் மரபணுத் தொழில்நுட்பம் என்பதற்கான விளக்கத்திலேயே செல் கலப்பும் இருக்கிறது. அதனால் உங்கள் கல்லூரியின் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவிடம் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் தெரிவித்துவிட வேண்டும். செடி வந்தது என்று தோட்டத்து மண்ணில் ஊன்றிப் பார்ப்பது அனுமதி இல்லாமல் முடியாது, வாடல் சோதனையைக் கட்டுக்குள் வைத்த தொட்டியில் செய்யுங்கள். நோய் மண்ணை வெளியே கொட்டாமல் ஆட்டோகிளேவில் வைத்துத்தான் அகற்ற வேண்டும்.

கண்டனூர்_கவின்:

எல்லாருக்கும் நன்றி. வழிகாட்டி ஆசிரியரிடம் பேசிவிட்டேன். தலைப்பை "கத்தரி + ஆப்பிரிக்கக் கத்தரி" என்று மாற்ற ஒத்துக்கொண்டார், விதைக்கு தேசிய தாவர மரபு வளப் பணியகத்துக்கு எழுதப் போகிறோம். பாதுகாப்புக் குழுவுக்கும் கடிதம் தயார் செய்கிறோம். ஒட்டுக்கட்டிய கத்தரி - சுண்டையை ஒப்பீட்டுத் தொகுதியாகச் சேர்க்கிறோம், செம்மண் அண்ணன் சொன்னபடி. விதை வரும்வரை அயோடோஅசிட்டமைடு அளவுச் சோதனையைக் கத்தரி செல்லில் மட்டும் தொடங்கலாமா?

பள்ளத்தூர்_ஆச்சி:

தொடங்குங்கள் தம்பி. ஆனால் முதலில் ரசாயனம் எதுவும் போடாத கத்தரித் தட்டு மூன்று வையுங்கள். அதில் நூற்றுக்குக் குறைந்தது இருபது செல் பத்து நாளில் பிரிந்தால்தான் மற்ற அளவுகளின் எண்ணிக்கைக்குப் பொருள் வரும். அந்தத் தட்டே பிரியவில்லை என்றால் அயோடோஅசிட்டமைடைத் தொடாதீர்கள், இருட்டில் வைத்த நாள், மானிடால், ஜியாட்டின் இந்த மூன்றையும் மறுபடி பாருங்கள். ஜியாட்டினை ஆட்டோகிளேவில் போட்டிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். வடிகட்டிச் சேர்த்தால் முழு வலுவோடு நிற்கும்.